நாலு ஆப்புக்கு வெளியே

நம் ஹாஸ்டல் வராந்தாவில் போகிற யாரையாவது நிறுத்தி, "மச்சான், நெட்டுல என்னடா பார்க்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸப், அப்புறம் ஒரு கேம். பதில் இவ்வளவுதான். நாலே நாலு 'ஆப்'. இதை ஆப்பு என்று எழுதினாலும் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டவர்கள்தானே! ராத்திரி பதினொரு மணிக்கு "பத்தே நிமிஷம்" என்று ரீல்ஸைத் திறந்தவன், இரண்டு மணிக்கும் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்த்தால் அந்த மரத்துண்டும் வாலும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதற்கு வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், இங்கே வார்டன் சார் இருக்கிறார். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. "விசித்திரமான, ஆனா உபயோகமான வெப்சைட் பத்தி ஏதாவது எழுதிக் கொடு" என்றார்கள். 'தெரிந்துகொள்ள வேண்டிய 25 இணைய தளங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டால் பக்கம் நிரம்பிவிடும். ஆனால் பட்டியலை யாரும் படிப்பதில்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோம், அதோடு சரி. எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொல்லத் தேவையான தளங்களை மட்டும் சொல்கிறேன்.

நம்மில் பாதிக்கு மேல் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து நேராக டிப்ளமோவுக்கு வந்தவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் மிக நல்ல வாத்தியார், விரலால் திருகி, இழுத்து, அளவை மாற்றிப் பார்க்கக்கூடிய தளங்கள்தான். வீடியோ அதற்கு அடுத்தபடிதான். இது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வருடம் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் ஒரு வரி வரும்: 'ஜெனீவா மெக்கானிசம் கன்வர்ட்ஸ் கன்டின்யுவஸ் ரோட்டரி மோஷன் இன்டு இன்டர்மிட்டன்ட் ரோட்டரி மோஷன்'. இதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிக்கிற பையன்கள் உண்டு. வைவாவில் மார்க்கும் விழும். "சரி தம்பி, அது எப்படிச் சுத்தும்னு கையால காட்டு" என்று கேட்டால்தான் சங்கடம். பாஷை புரியாததால் விஷயம் புரியவில்லை. விஷயம் புரியாததால் மனப்பாடம். மனப்பாடம் மூன்றே மாதத்தில் ஆவி!

இங்கேதான் '507 மூவ்மென்ட்ஸ் டாட் காம்' வருகிறது. 1868ல் ஹென்றி டி. பிரவுன் என்ற அமெரிக்கர் ஒரு புத்தகம் போட்டார். கப்பி, கியர், கேம், ராட்செட், எஸ்கேப்மென்ட் என்று 507 இயந்திர இயக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோட்டுப் படம், இரண்டு மூன்று வரி விளக்கம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன புத்தகம். அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டி அசைய வைக்கிறது இந்தத் தளம். முகப்பில் சின்னச் சின்னப் படங்களாக எல்லாம் வரிசையாக இருக்கும். வண்ணத்தில் இருந்தால் அது அசையும். கறுப்பு வெள்ளையில் இருந்தால் அது இன்னும் 1868லேயே நிற்கிறது என்று அர்த்தம்!

ஜெனீவா சக்கரத்தை அங்கே பாருங்கள். ஓட்டுகிற சக்கரத்தில் ஒரு பின். நான்கு பள்ளம் வெட்டிய சக்கரமாக இருந்தால், பின் ஒரு பள்ளத்தில் நுழையும், கால் சுற்று தள்ளும், வெளியே வந்துவிடும். பின் மறுபடி சுற்றி வரும் வரை அந்தச் சக்கரம் அசையாமல் பூட்டிக்கொண்டு நிற்கும். பழைய ஃபிலிம் ப்ரொஜக்டருக்குள் இருந்தது இதுதான். 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு பிரேமுக்கு நான்கு ஓட்டை. ஜெனீவா சக்கரத்தோடு சேர்ந்த பல் சக்கரத்துக்கு 16 பல். கால் சுற்றுக்கு 4 பல், அதாவது சரியாக ஒரு பிரேம். விநாடிக்கு 24 தடவை இழு, நில், இழு, நில்! நம் அப்பா காலத்து டூரிங் டாக்கீஸில் எம்.ஜி.ஆர். வாள் வீசியதும் சிவாஜி அழுததும் இந்தப் பின்னின் தயவால்தான். இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷில் ஒரு வார்த்தை தேவைப்பட்டதா?

ஷேப்பர் மெஷினில் வரும் குயிக் ரிட்டர்னும் அங்கே இருக்கிறது. நம் வொர்க்‌ஷாப்பில் ஷேப்பர் ஓடும்போது ராம் முன்னே போவதும் பின்னே வருவதும்தான் தெரியும். வெட்டும்போது மெதுவாகவும் வெறுமனே திரும்பும்போது வேகமாகவும் ஏன் வருகிறது என்பது கவருக்குள்ளே இருக்கிறது. கிராங்க் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. வெட்டுகிற பக்கத்துக்கு வட்டத்தில் பெரிய பங்கு, திரும்புகிற பக்கத்துக்குச் சின்னப் பங்கு. அவ்வளவுதான் சமாச்சாரம். கவரைக் கழற்றிக் காட்டும் வசதி எல்லா வொர்க்‌ஷாப்பிலும் இருப்பதில்லை. படத்தில் இருக்கிறது.

நான் இ.இ.இ. என்பதால் அடுத்தது என் சொந்தக் காதல். 'ஃபால்ஸ்டாட் டாட் காம்' போய் சர்க்யூட் என்பதைத் திறங்கள். பால் ஃபால்ஸ்டாட் என்பவர் எழுதிய சர்க்யூட் சிமுலேட்டர். பார்க்க அழகாக இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரை. பாசிடிவ் வோல்டேஜ் உள்ள கம்பி பச்சை, நெகடிவ் சிவப்பு, பூஜ்ஜியம் என்றால் சாம்பல். கரண்ட் மஞ்சள் புள்ளிகளாக எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். கரண்ட் அதிகமானால் எறும்புக்கு அவசரம்!

லேபில் நம் நிலைமை தெரியும்தானே? எட்டு பேருக்கு ஒரு சி.ஆர்.ஓ. ப்ரோப் ஒருத்தன் கையில். ரீடிங் எழுதுபவன் ஒருத்தன். மீதி ஆறு பேரும் பக்தியோடு நிற்போம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எட்டு பேருக்கும் ஒரே ரீடிங், புள்ளி பிசகாமல் வந்துவிடும்.

ஃபால்ஸ்டாட்டில் பிரிட்ஜ் ரெக்டிஃபயரைப் போட்டுப் பாருங்கள். நாலு டயோடு. ஏ.சி.யின் ஒரு பாதியில் எறும்புகள் இரண்டு டயோடு வழியாகப் போகும், மறுபாதியில் மற்ற இரண்டின் வழியாக. ஆனால் லோடுக்குள் மட்டும் எப்போதும் ஒரே திசை. இதை ஒரு தரம் கண்ணால் பார்த்தவன் டயோடைத் தலைகீழாக வரையமாட்டான். அப்புறம் ஒரு கெபாசிட்டரைச் சேருங்கள். 10 மைக்ரோஃபாரட் வைத்தால் ரிப்பிள் மலை மாதிரி ஏறி இறங்கும். அதையே 1000 ஆக்கினால் மலை தரைமட்டம். லேபில் கெபாசிட்டரை மாற்ற ஸ்டோர்ஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே விரலை நகர்த்தினால் போதும்.

ரெசனன்ஸுக்கு ஒரு கணக்கு தருகிறேன், இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். 100 மில்லிஹென்றி காயில், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 10 ஓம் ரெசிஸ்டர், மூன்றையும் சீரிஸில் போட்டு ஏ.சி. கொடுங்கள். ஃபார்முலா சொல்லும் விடை ஏறக்குறைய 159 ஹெர்ட்ஸ். சப்ளையை 50ல் வைத்துப் பாருங்கள், 100, அப்புறம் 159, அப்புறம் 300. எறும்புகள் எங்கே தலைதெறிக்க ஓடுகின்றன என்று பாருங்கள். வீடியோவில் இதைப் பார்த்தால், பேசுகிறவர் வைத்த அளவுக்கு மட்டும்தான் விடை தெரியும். "இதையே இரண்டு மடங்கு ஆக்கினா என்ன ஆகும்?" என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் அவர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். இல்லாவிட்டால் லைக், சப்ஸ்கிரைப் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு நம் லேபில் ஒரு சார் சொல்லும் மறுப்பு எல்லோருக்கும் தெரியும். "கம்ப்யூட்டர்ல பழகினவனுக்கு பிரெட்போர்டுல கை வராதுப்பா." பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். சிமுலேட்டரில் லூஸ் கனெக்‌ஷன் கிடையாது. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரைத் திருப்பிப் போட்டால் 'பட்'டென்று வெடிக்கிற சத்தமும் கிடையாது, ரெசிஸ்டர் கருகுகிற வாசனையும் கிடையாது. அந்த வாசனை தெரியாதவன் எலக்ட்ரீஷியனே இல்லை. ஆனால் எட்டுப் பேரில் ஆறாவதாக நின்று மற்றவன் முதுகைப் பார்ப்பவனுக்கும் கை வரப் போவதில்லையே சார்! முந்தின நாள் ராத்திரி சிமுலேட்டரில் செய்து பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் ப்ரோப் யார் கையில் இருந்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

போலந்துக்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்தோஷ் சிஹானோவ்ஸ்கி. வாயில் நுழையாத பெயர்தான். 'ஸ்கி' என்று முடியும் அந்தக் குடும்பப் பெயரின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து அதையே இணைய முகவரி ஆக்கிவிட்டார். கெட்டிக்காரர்! விளம்பரம் ஒன்றும் கிடையாது. அபூர்வமாகத்தான் ஒரு கட்டுரை போடுவார். 2021ல் ஐ.சி. எஞ்சின் பற்றி எழுதினார், 2022ல் கைக்கடிகாரம் பற்றி. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு முப்பரிமாணப் படம். விரலால் திருப்பலாம், கீழே உள்ள பட்டையை இழுத்தால் பிஸ்டன் இறங்கும், வால்வு திறக்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஆட்டோமொபைல் நண்பர்கள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வரைகிற அந்த நாலு கட்டப் படத்தை ஒரு தரம் இவரிடம் ஓட விட்டுப் பாருங்கள். எழுத்து முழுக்க இங்கிலீஷ்தான். எழுத்தை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் இழுத்துக்கொண்டே போனாலும் முக்கால் பாகம் விளங்கிவிடும். பிறகு ஒரு ஆசை வரும், அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று. இங்கிலீஷ் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002ல் ஆரம்பித்து வைத்த 'ஃபெட்' தளத்தில் சில பாடங்கள் தமிழிலேயே உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள், நம் முதலாண்டு பிசிக்ஸுக்கு அது தாராளம்.

டெல்டா பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று. 'எர்த் டாட் நல்ஸ்கூல் டாட் நெட்'. கேமரன் பெக்காரியோ என்ற ஒருவர் உருவாக்கியது. பூமி உருண்டை சுழலும், அதன் மேல் காற்று இழை இழையாக ஓடும். தேதியைப் பின்னால் தள்ளி 2018 நவம்பர் 15 இரவுக்குப் போனால், மறுநாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய கஜா வங்கக் கடலில் சுழன்று வருவதைப் பார்க்கலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுழலும், தெற்கே நேர்மாறாக. இரண்டையும் ஒரே உருண்டையில் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அதைப் பார்த்து "புயல் நம்ம ஊருக்கு வராதுப்பா" என்று வீட்டுக்கு போன் போடாதீர்கள். அதற்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிறது.

'விசித்திரமான' என்று கேட்டார்கள் அல்லவா, அதையும் தீர்த்துவிடுகிறேன். 2005ல் அலெக்ஸ் டியூ என்ற இங்கிலாந்துப் பையன், வயது 21, காலேஜ் செலவுக்குப் பணம் வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் உள்ள தளத்தைத் திறந்தான். பத்து லட்சம் புள்ளிகள், ஒரு புள்ளி ஒரு டாலர், வாங்குகிறவர் விளம்பரம் வைத்துக்கொள்ளலாம். 2006 ஜனவரிக்குள் எல்லாப் புள்ளியும் விற்றுத் தீர்ந்தது! அதைப் பார்த்து அதே மாதிரி செய்ய எத்தனையோ பேர் கிளம்பினார்கள், முதல் ஆளுக்கு வந்த கூட்டம் பிறகு வந்தவர்களுக்கு வரவில்லை. 'ரேடியோ கார்டன்' போனால் உலக உருண்டையில் பச்சைப் புள்ளி புள்ளியாக வானொலி நிலையங்கள் இருக்கும், தொட்ட ஊரின் பாட்டு கேட்கும். 'யூஸ்லெஸ் வெப்' என்று ஒன்று இருக்கிறது. பட்டனை அமுக்கினால் எதற்குமே பயன்படாத ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். மறுபடி அமுக்கினால் இன்னொரு வெட்டிப் பக்கம். அதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆசையாகச் செய்திருக்கிறார். எனக்கு அதில் கோபம் இல்லை.

இந்தத் தளங்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு ஆள், இல்லை ஒரு சின்னக் கூட்டம். அவர்கள் விட்டால் தளமும் போச்சு. 1990களில் உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்கள் தங்கள் சொந்தப் பக்கத்தைக் கட்டி வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009ல் மூடியது. ஃப்ளாஷில் செய்த ஆயிரமாயிரம் விளையாட்டுகளும் பாடங்களும் 2020 டிசம்பரோடு நின்றன. ஃபால்ஸ்டாட்டும் அதே கதி ஆகியிருக்க வேண்டியது. அவர் அதை முதலில் எழுதியது ஜாவா ஆப்லெட்டாக. 2015ல் குரோம் பிரவுசர் ஜாவாவை ஓட விடாமல் நிறுத்தியது. இயன் ஷார்ப் என்ற இன்னொருவர் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியதால்தான் இன்று அது நம் போனில் ஓடுகிறது. மாற்ற ஆள் இல்லாதவை எத்தனையோ! செத்துப்போன தளங்களின் பழைய பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடலாம். 1996ல் புரூஸ்டர் கேல் ஆரம்பித்தது. படமும் எழுத்தும் பெரும்பாலும் கிடைக்கும், அசைகிற பாகம் சில சமயம் கிடைக்காது.

தமிழிலும் இந்தக் கதை உண்டு. 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் நம் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அன்றைக்கு ஒரு ஃபான்ட்டில் அடித்தது இன்னொரு ஃபான்ட்டில் ஜிலேபி ஜிலேபியாகத் தெரியும். எல்லாவற்றையும் டிஸ்கிக்கு மாற்றி, மறுபடி யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்று சங்கப் பாட்டு நம் போனில் தெரிகிறது. இலக்கியத்துக்கு அப்படி நாலு பேர் கிடைத்தார்கள். நம் லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் யார்?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் கேட் லேபிலும் கம்ப்யூட்டர் லேபிலும் நெட் கனெக்‌ஷன் இருக்கிறது, ஆனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். பையன்கள் சினிமா பார்ப்பார்கள் என்ற பயம். பயம் நியாயம்தான், பார்ப்போம்தான்! ஆனால் சினிமா பார்க்கிறவன் எப்படியும் போனில் பார்த்துக்கொள்கிறான். பூட்டினதால் நஷ்டம், பெரிய திரையில் கியரைப் பார்க்க வேண்டியவனுக்குத்தான். எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம். மேலே சொன்ன ஐந்தாறு முகவரிகளை மட்டும் திறந்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் சுத்தமாக எழுதி ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பக்கத்தில் ஒட்டட்டும். பேரவை சார்பில் பிரின்சிபால் சாரைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மலரில் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோகலாம்.

இன்னொரு வேலையை நானும் மெக்கானிக்கல் படிக்கும் என் ரூம்மேட்டும் கையில் எடுத்திருக்கிறோம். வெர்னியர் காலிப்பருக்குத் தமிழில் ஒரு பக்கம். கிட்ஹப்பில் இதை வைக்கக் காசு கேட்பதில்லை. விரலால் தாடையை நகர்த்தினால் அளவு மாறும், நீங்கள் படித்த ரீடிங் சரியா என்று அதுவே சொல்லும். 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்தது, ஆக 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கலாம். போன மாதம் ஒரு முதலாண்டுத் தம்பியிடம் காட்டினோம். "அண்ணா, லீஸ்ட் கவுன்ட்டுன்னா என்னண்ணா?" என்றான். "மீச்சிற்றளவுடா" என்றேன். "அட, இது ஒன்பதாவதுலயே படிச்சதாச்சே!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு மாதமாக வொர்க்‌ஷாப்பில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தும், ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் பக்கத்தில் இரண்டு பெயரையும் போடுகிறோம். மெயின் ஸ்கேல் என்றால் கீழே முதன்மைக்கோல், ஜீரோ எரர் என்றால் கீழே சுழிப்பிழை. சுழிப்பிழையை அசைய வைப்பதுதான் இன்னும் பாக்கி. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் யாராவது இருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் மாடிப்படியில் எங்களைப் பார்க்கலாம். அங்கேதான் சிக்னல் வருகிறது.